பாண்காரன் பாண் தின்னாத மாதங்கள்

ஐந்தரைக்கு ஓட்டோவின் பின்கதவைத் திறந்தால்
வெந்த மூச்சு ஒன்று முகத்தில் அடிக்கும்.
அச்சுப்பாண் எண்பது, றோஸ்பாண் நாற்பது,
முதுகில் சீனி மினுங்கும் கிம்புலா பணிஸ் இரண்டு தட்டு.
எண்ணி எடுத்துக் கையெழுத்து வைப்பேன்.
ஒன்றையும் வாயில் வைப்பதில்லை,
மாசி பதினாலிலிருந்து.

அன்றைக்குத்தான் கிளினிக்.
மூன்று மாதச் சீனி ஒன்பது தசம் நாலு,
தராசில் தொண்ணூற்றாறு கிலோ.
தொழில் என்ற கோட்டில் நான் எழுதியதைப் பார்த்த மிஸ்ஸி
பேனையைக் கீழே வைத்தா.
"கள்ளுக்கொட்டிலிலை இருந்துகொண்டு
குடியை விடப்போறியள், என்ன அண்ணை?"

முதல் கிழமை தலையிடி.
சோறில்லாத கோப்பையில்
திருக்கைக் குழம்பு அணைகட்ட ஆளில்லாமல்
நாலு பக்கமும் ஓடியது.
முட்டை இரண்டு, முருங்கையிலை வறை,
பயற்றங்காய், பொரித்த சூடை.
மெற்றில்டா முன்னால் இருந்து பிட்டைக் குழைப்பாள்,
தேங்காய்ப்பூ வாசம் வராத பக்கம்
முகத்தைத் திருப்பிக்கொண்டு நான்.
கொழும்புத்துறைச் சந்தியில்
மிச்சக்காசு கேட்ட பெடியனை ஏசிப்போட்டேன்.
பிறகு கூப்பிட்டு ஒரு பணிஸ் சும்மா கொடுத்தேன்.
கணக்கில் அது இன்னும் குறைகிறது.

எல்லாரும் வைத்தியர்கள்.
குரக்கன் பிட்டு மருந்து என்றார் பக்கத்து வீட்டு அந்தோனிமுத்தர்.
தின்று இரண்டு மணித்தியாலத்தால் விரலைக் குத்தினேன்:
இருநூற்றிப் பதினாலு.
மருந்தை அவருக்கே விட்டுவிட்டேன்.

பழைய பூங்கா வீதியில் றெஜினா ரீச்சர் கேட்பா,
"இண்டைக்குப் பாண் எப்பிடி?"
நான் விரலால் அமத்திப் பார்த்து
"பஞ்சு ரீச்சர்" என்பேன்.
விரலுக்கு நாக்கு முளைத்த மாதிரி.

ஞாயிறு பூசையில் என் முறை வந்தபோது
சின்ன வெள்ளை வட்டத்துக்கு முன்னாலும் கொஞ்சம் தயங்கினேன்.
பின்னால் நின்ற மெற்றில்டா
"இது கணக்கில்லை" என்றாள், காதுக்குள்.

மிஸ்ஸி ஒரு கேள்வி கேட்டவ.
எப்ப துவங்கினது இந்தப் பாண் ஆசை?
பேக்கரிக்கு வந்த பிறகு என்று சொல்லிவைத்தேன்.

தொண்ணூற்றொன்று. எனக்குப் பன்னிரண்டு வயது.
இருட்டோடு வரிசையில் நின்று
ஆறு பேருக்கு ஒரு றாத்தல் பாண் வாங்கினேன்.
சூடு நெஞ்சில் பட்டது.
ஈச்சமோட்டை தாண்டுமுன்
அடியில் விரல் விட்டு ஒரு துளை.
வீட்டுப் படலையைத் திறக்கும்போது
பாண் பாணாகத்தான் இருந்தது, கையில் மட்டும் பாரமில்லை.
அம்மா கத்தியை வைத்தா.
உள்ளே ஒன்றுமில்லை.
"எலி" என்றேன்.
அவ வெறுங்கூட்டை ஐந்தாய் வெட்டினா.
ஆறாய் வெட்டவில்லை. அதைக் கவனித்தேன்.

ஆவணியில் எண்பத்தைந்து கிலோ.
பெல்ட்டில் ஆணியால் இரண்டு புது ஓட்டை.
டொக்டர் குளிசையை ஒன்றாகக் குறைத்தார்.
படியேறும்போது முழங்கால் முறைப்பாடு சொல்வதில்லை.

நேற்று ஒரு அச்சுப்பாண் மிஞ்சியது.
மெற்றில்டா வெட்டினாள். நடுவைத் தின்று
ஓரத்தை வழமைபோல் ஒதுக்கினாள்.
"அதைத் தாரும்" என்றேன்.
பார்த்தாள். ஒரு விரல் அகலம் முறித்துத் தந்தாள்.
கறுத்த பக்கம், கொஞ்சம் கைப்பு.
நன்றாய்ச் சப்பினேன்,
ஏழு மாதம் ஓடிய வாயால்.

"அந்த எலி நான்தான்" என்றேன், எந்த எலி என்று சொல்லாமல்.
"தெரியும்" என்றாள். "மாமி கலியாணத்தண்டே சொன்னவ,
இவனுக்குப் பாணை வெட்டித்தான் குடுக்கவேணும் எண்டு."

இன்று விடிய, வெறுவயிற்றில் நூற்றிப் பதினெட்டு.
கொப்பியில் எழுதிப்போட்டு
ஓட்டோவின் பாட்டைப் போட்டேன்.
முதல் ஒழுங்கையில் நாய்கள் ஊளையிடத் துவங்கின.